பெருந்தொற்று, டொலர், வரிசை: கொழும்பிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். 2022-இல் காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் வீட்டாருக்காக இடம் பிடித்து நின்ற பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய கேள்விகள் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அவர்கள் கேட்டவை, அவர்களைக் கூட்டிப்போக வந்த அப்பாமார் வாசலில் நின்று கேட்டவை, கனடாவிலிருந்து மச்சான் வட்சப்பில் கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

கொரோனா வராமல் இருந்திருந்தால் இலங்கை வங்குரோத்து ஆகியிருக்காதா?

ஆகியிருக்கலாம். ஆனால் இவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

2018-இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அதில் கிடைத்தது ஏறக்குறைய 4.4 பில்லியன் டொலர். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளோடு அது 3.6 பில்லியனாக இறங்கியது. அந்த ஆண்டு முடிவில் புதிய அரசாங்கம் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைத்தது. திறைசேரிக்கு வர வேண்டிய காசை இப்படி நாங்களே வேண்டாம் என்று சொன்ன நேரத்தில்தான் தொற்று வந்தது. 2020 மார்ச் 11-இல் முதல் இலங்கையர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அவர் இத்தாலியப் பயணிகளோடு போன சுற்றுலா வழிகாட்டி. 20-ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு. கட்டுநாயக்கா விமான நிலையம் சுற்றுலாப் பயணிகளுக்கு மறுபடி முறையாகத் திறந்தது 2021 ஜனவரி 21-இல். 2020 முழுவதற்கும் சுற்றுலா வருமானம் 0.7 பில்லியனைக்கூடத் தொடவில்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான்.

ஆனால் வருமானம் போனதைவிடப் பெரிய அடி ஒன்று சத்தமில்லாமல் விழுந்தது. அதுவரை நாங்கள் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம். 2020 செப்டெம்பரில் மூடிஸ் நிறுவனம் இலங்கையின் கடன் தரத்தை ஒரே தடவையில் இரண்டு படி இறக்கியது. அதோடு சர்வதேசச் சந்தையில் பிணைமுறி, அதாவது கடன் பத்திரம், விற்கும் கதவு மூடிவிட்டது. அதன்பிறகு கடனை டொலர் கையிருப்பிலிருந்துதான் கொடுத்தோம். அப்போதே கடன்காரர்களை, அதாவது எங்களுக்குக் கடன் தந்தவர்களை, கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். 2022 ஜனவரியிலும்கூட 500 மில்லியன் டொலர் பிணைமுறியை முழுதாக அடைத்துவிட்டு, மூன்று மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, இனி வெளிநாட்டுக் கடன் கொடுக்க முடியாது என்று கை விரித்தோம். ஜனவரியில் கொடுத்த அந்தக் காசில் எத்தனை காஸ் கப்பல் வந்திருக்கும் என்று என் மாணவி ஒருத்தி கணக்குப் பார்த்துக் கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மீது அல்ல.

அமெரிக்கா காசு அச்சடித்தால் சரி, நாங்கள் அச்சடித்தால் பிழையா?

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதைதான். ஆனால் இதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

2020 மார்ச்சில் அமெரிக்கா 2.2 டிரில்லியன் டொலர் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் மத்திய வங்கி வட்டியைப் பூச்சியத்துக்கு அருகில் கொண்டுவந்தது. பயம் வந்தால் உலகமே டொலரைத்தான் தேடி ஓடும். ஆகவே அவர்கள் எவ்வளவு கடன் எழுதினாலும் வாங்க ஆள் இருந்தது. எங்கள் மத்திய வங்கியும் அச்சடித்தது. அது ரூபாய். காஸ் இறக்கும் கெரவலப்பிட்டிக்கு வெளியே கடலில் காஸ் கப்பல் நின்றபோது அதன் தலைவனிடம் ரூபாயைக் காட்டி என்ன பயன்?

அப்புறம் அவர்களுடைய மருந்தின் பக்கவிளைவும் எங்களுக்குத்தான். அமெரிக்காவில் 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 வீதத்துக்கு ஏறியது. அதை அடக்க அவர்கள் வட்டியைத் தொடர்ந்து உயர்த்தி 2023 ஜூலையில் 5.25-5.50 வீதத்துக்குக் கொண்டுபோனார்கள். டொலரில் கடன்பட்ட ஏழை நாடுகளின் கழுத்து இறுகியது. எங்கள் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம். 9.1 வீதத்துக்கு அங்கே ஊரே அமளி துமளிப்பட்டது.

சமையலறையில் இதையெல்லாம் எப்படிப் பார்க்கலாம்?

மஞ்சளைப் பாருங்கள். டொலரை மிச்சப்படுத்தவும் உள்ளூர் விவசாயிக்கு விலை கிடைக்கவும் என்று மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தார்கள். உள்ளூர் விளைச்சல் போதாது. சில நூறு ரூபாய்க்கு விற்ற கிலோ மஞ்சள் 5,000 ரூபாயைத் தாண்டியது. கொரோனாவுக்கு மஞ்சள் நல்லது என்ற பேச்சு வேறு. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் மஞ்சள் சாக்கை முன்னால் வைப்பதை நிறுத்திவிட்டு, மேசை லாச்சியில் 50 கிராம் பக்கெட்டுகளாக வைத்து, முகம் தெரிந்த ஆளுக்கு மட்டும் எடுத்துக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து பக்கெட்டை உடைத்தால் பாதி அரிசிமா. அம்மா விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நெற்றிக்குக்கூட ஒட்டாது" என்றார்.

இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து படகில் மஞ்சள் வந்தது. கடற்படை மூட்டை மூட்டையாகப் பிடித்தது. பிடிபடாமல் வந்த மூட்டைக்கு இந்தப் பக்கத்து வியாபாரி எப்படிக் காசு கட்டினார்? வங்கியில் போய் நாணயக் கடிதம், அதாவது இறக்குமதிக்கான வங்கி உத்தரவாதம், திறக்க முடியாது. அந்தக் காசு போனது உண்டியலில்.

உண்டியல் என்றால் என்ன என்று கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டோகாவில் வேலை செய்யும் தம்பி அங்கே ஒருவரிடம் றியாலைக் கொடுப்பார், இங்கே இன்னொருவர் வீட்டுக்கு வந்து ரூபாயை எண்ணிக் கொடுப்பார். தம்பியின் றியால் இலங்கைக்கு வராது. மஞ்சள் மூட்டைக்கும் தங்கத்துக்கும் வெளியிலேயே கைமாறிவிடும். 2020-இல் விமானங்கள் நின்று உண்டியல் வழிகளும் அடைபட்டதால் எல்லோரும் வங்கிக்கே அனுப்பினார்கள், அந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 7.1 பில்லியன் டொலர். அப்புறம் மத்திய வங்கி டொலரை 203 ரூபாயில் கட்டிப்போட்டது. வெளியே அதைவிட நல்ல விலை. 2021-இல் வங்கிக்கு வந்தது 5.5 பில்லியன், 2022-இல் 3.8. பிள்ளைகள் அனுப்புவதை நிறுத்தவில்லை, பாதையை மாற்றினார்கள். மஞ்சளில் மிச்சம் பிடிக்கப்போய், டொலர் வரும் வாய்க்காலையே வேறு பக்கம் திருப்பிவிட்டோம் என்பது என் கணக்கு.

தடுப்பூசியை வைத்து நாடுகள் அரசியல் செய்தன என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் கொடுத்தவர் நினைத்ததெல்லாம் நடக்கவும் இல்லை.

2021 ஜனவரி 28-இல் இந்தியா 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகளை இனாமாகத் தந்தது. அடுத்த நாளே இங்கே ஏற்றத் தொடங்கினார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பெப்ரவரி தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம் கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையத்தை இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து நடத்தும் 2019 உடன்பாட்டிலிருந்து விலகியது. துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு அவ்வளவு. பரிசு கொடுத்தால் காரியம் ஆகும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வாரத்தைத்தான் நான் உதாரணம் காட்டுவேன்.

அம்மாவுக்கு மார்ச்சில் முதல் ஊசி போட்டார்கள். கார்டில் இரண்டாவது ஊசிக்கான திகதியைப் பென்சிலால் எழுதிக்கொடுத்தார் தாதி. ஏன் பென்சில் என்று அப்போது நான் கேட்கவில்லை. அந்த மாதத்திலிருந்தே இந்தியாவில் இரண்டாவது அலை எழும்பி, அவர்கள் ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். தங்கள் சனம் ஒட்சிசன் இல்லாமல் வீதியில் கிடக்கும்போது யார்தான் ஏற்றுமதி செய்வார்கள்? ஆனால் இங்கே ஏறக்குறைய 6 இலட்சம் பேர் ஒரு ஊசியோடு நடுவில் நின்றார்கள். அம்மாவின் திகதி மூன்று முறை அழித்து எழுதப்பட்டது. கடைசியில் ஜூலை முடிவில் ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனகா வந்துதான் ஓகஸ்டில் இரண்டாவது ஊசி.

அந்த இடைவெளியில் சீனா உள்ளே வந்தது. மார்ச் 31-இல் 6 இலட்சம் சினோபார்ம் இனாம், பிறகு விலைக்குக் கோடிக்கணக்கில். நாட்டில் பெரும்பாலானோருக்கு ஏறியது அதுதான். அமெரிக்கா, தடுப்பூசியை நாடுகளுக்குப் பகிர்ந்த கோவக்ஸ் திட்டம் வழியாக மொடர்னா அனுப்பியது. ரஷ்யாவிலிருந்து ஸ்புட்னிக்கும் கொஞ்சம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் நாலு நாட்டு ஊசி. "நீ எந்தக் கட்சி?" என்று கேட்பதுபோல "நீ எந்த ஊசி?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரிலேயே தடுப்பூசிக் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்தும்படி உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. முடிவு வந்தது 2022 ஜூனில், அதுவும் அரைகுறையாக. அதற்குள் பணக்கார நாடுகளில் மூன்றாவது ஊசியும் போட்டு முடிந்திருந்தது.

சீனக் கடன் பொறிதானே எங்களைக் கவிழ்த்தது?

வாசலில் நிற்கும் அப்பாமாரின் கேள்வி இது. 2022-இல் நாங்கள் கவிழ்ந்தபோது எங்கள் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. சர்வதேசப் பிணைமுறிகளின் பங்கு அதைவிடப் பெரியது, மூன்றில் ஒன்றுக்கு அருகில். அதை வாங்கியவை பெரும்பாலும் மேற்கத்திய முதலீட்டு நிதியங்கள். 99 வருடக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு 2017-இல் கிடைத்த 1.12 பில்லியன் டொலரும் சீனக் கடனை அடைக்கப் போகவில்லை, கையிருப்பை நிரப்பத்தான் போனது. ஆகவே பொறி என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டுதான் எல்லா வாசலிலும் வாங்கினோம்.

ஆனால் கடனைத் திருப்பிப் பேசும்போது சீனா எங்களைக் காக்கவைத்தது உண்மை. 2020-இல் ஜீ20 நாடுகள் ஏழை நாடுகளின் கடன் தவணைகளைத் தள்ளிவைத்தபோது இலங்கைக்கு அதில் இடமில்லை. நாங்கள் நடுத்தர வருமான நாடு. 2019-இல் உலக வங்கி எங்களை மேல் நடுத்தரப் பட்டியலில் சேர்த்து, அடுத்த வருடமே கீழே இறக்கியது. ஏழைகளின் வரிசையில் நிற்கவும் விடவில்லை, பணக்காரரின் மேசையிலும் இடமில்லை.

சர்வதேச நாணய நிதியம் காசு தர வேண்டுமானால், பெரிய கடன்காரர்கள் எல்லோரும் முதலில் உறுதிக் கடிதம் தர வேண்டும். இந்தியா 2023 ஜனவரி நடுப்பகுதியில் கொடுத்தது. சீனாவின் போதுமான கடிதம் மார்ச் தொடக்கத்தில்தான் வந்தது. மார்ச் 20-இல் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு நிதியம் ஒப்புதல் தந்தது. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையிலான கடன்காரர் குழுவோடு இறுதி உடன்பாடு 2024 ஜூன் 26-இல். சீனா அந்தக் குழுவுக்குள் வராமல் தனியாகவே பேசியது. முன்பு இப்படிப்பட்ட பேச்சுகளைப் பணக்கார நாடுகள் பாரிஸில் ஒரு மேசையில் முடித்துவிடும். இப்போது இரண்டு மேசை. அதிகாரம் மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அப்போது உண்மையில் கைகொடுத்தது யார்?

2022-இல் இந்தியா. எரிபொருள், உணவு, மருந்துக்கான கடன் வசதிகளும் நாணயப் பரிமாற்றமும் சேர்த்து ஏறக்குறைய 4 பில்லியன் டொலர். அந்த நேரத்தில் அதை யாராலும் ஈடுசெய்ய முடியவில்லை. அதற்கு முன்பே 2021 செப்டெம்பரில் துறைமுகத்தின் மேற்கு முனையம் அதானி குழுமத்துக்கு 51 வீதப் பங்கோடு போயிருந்தது. கிழக்கில் கிடைக்காதது மேற்கில் கிடைத்தது. சரி, இந்தியா பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று நினைத்தால், 2022 ஓகஸ்டில் சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5, இந்தியாவின் எதிர்ப்பை மீறி அம்பாந்தோட்டைக்கு வந்தது. இரண்டு பக்கமும் தலையாட்டும் கலையில் நாங்கள் கெட்டிக்காரர்.

பங்களாதேஷ் 2021-இல் 200 மில்லியன் டொலர் தந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் நாங்கள் பாவம் பார்த்த நாடு. 2023-இல் திருப்பிக் கொடுத்தோம். ஈரானிடம் பட்ட பழைய எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரை மாதம் 5 மில்லியன் பெறுமதியான தேயிலையால் அடைக்க 2021 டிசெம்பரில் உடன்பட்டதும் நடந்தது. வகுப்பில் பண்டமாற்று என்றால் சிந்துவெளிக் காலத்தைக் காட்ட வேண்டியதில்லை.

ஜனாஸா (முஸ்லிம்களின் பிரேதம்) எரிப்புக்கும் சர்வதேச அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. தொற்றால் இறந்த எவரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஆணை வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. 2020 டிசெம்பரில் பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். பொரளை மயானத்தின் வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. எந்த மதம் என்று பார்க்காமல் பலர் கட்டினார்கள்.

2021 பெப்ரவரி கடைசியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனார். ஓரிரு நாளில் அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது. மார்ச்சில் கிழக்கில் உள்ள ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு மார்ச் 23-இல். முஸ்லிம் நாடுகளின் வாக்கு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. விஞ்ஞானம் மாறவில்லை, வாக்கெடுப்புத் திகதிதான் நெருங்கியது என்று நான் வாசிக்கிறேன். பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கைக்காக வாக்களித்தன, இந்தோனேசியா விலகி நின்றது, தீர்மானம் 22க்கு 11 என்று நிறைவேறியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பல் சாம்பல்தான்.

முன்பும் தொற்றுகள் இப்படி உலகத்தை மாற்றினவா?

ஐரோப்பாவில் 1347-இல் தொடங்கிய பிளேக்குக்குப் பிறகு வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது. இங்கிலாந்தில் 1351-இல் கூலியைப் பழைய அளவிலேயே கட்டிப்போடச் சட்டம் போட்டார்கள். இது பாடப்புத்தகக் கதை.

எங்களுக்கு நெருக்கமானது, இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் என்ற ஊரின் கதை. 1914-இல் கொழும்பில், புறக்கோட்டைப் பக்கம், பிளேக் வந்தது. தோட்டத் துரைமாருக்குக் கூலிகள் தேவை, ஆனால் நோய் வேண்டாம். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வரும் தொழிலாளரைக் கடல் தாண்ட முன்பே அடைத்துவைத்துச் சோதிக்க, இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் மண்டபத்தில் முகாம் நடத்தியது. நோயின் பெயரால் யாரை உள்ளே விடுவது, யாரை நிறுத்துவது என்ற அதிகாரம் தோட்டங்களுக்கு ஏற்ற மாதிரி அமைந்தது. பல பத்தாண்டுக்குப் பிறகு போருக்குத் தப்பி ஓடிய எங்கள் சனம் அகதிகளாகப் போய் இறங்கியதும் அதே மண்டபம் முகாம்தான்.

அமெரிக்காவா, சீனாவா, யார் வென்றது?

2020 முடிவில் கேட்டிருந்தால் சீனா என்று சொல்லியிருப்பேன். அந்த வருடம் வளர்ந்த பெரிய பொருளாதாரம் அது ஒன்றுதான். ஆனால் 2022 டிசெம்பர் வரை நகரங்களைப் பூட்டித் திறந்து பூட்டியதில் அந்த ஓட்டம் தளர்ந்தது. அமெரிக்கா தடுப்பூசியில் முந்தியது, உலக சுகாதார அமைப்போடு 2020-இல் சண்டை பிடித்தது, 2021-இல் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் மறுபடி விலகுவதாக அறிவித்தது. முகக்கவசத்துக்கும் கணினிச் சில்லுக்கும் இன்னொருவரை நம்பியிருந்தது அவர்களைச் சுட்டது. 2022 ஓகஸ்டில் சில்லுத் தொழிற்சாலைகளுக்கு அரசுப் பணம் கொடுக்கச் சட்டமே போட்டார்கள். சுதந்திரச் சந்தை என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள்.

கொழும்புத் துறைமுகத்துக்கு இதில் இலாபமா நட்டமா?

துறைமுகம் தாக்குப்பிடித்தது. வருடத்துக்கு 20 அடிக் கணக்கில் ஏறக்குறைய 70 இலட்சம் கொள்கலன்கள் என்ற அளவு தொற்றுக் காலத்திலும் பெரிதாக விழவில்லை. அதில் பெரும்பகுதி இங்கே இறக்கி வேறு கப்பலில் ஏற்றும் சரக்கு, முக்கியமாக இந்தியாவுக்கானது. அடிபட்டது புறக்கோட்டை வியாபாரி. 40 அடிக் கொள்கலனின் உலகச் சராசரிக் கட்டணம் 2021 செப்டெம்பரில் 10,000 டொலரைத் தாண்டியது. தொற்றுக்கு முன் 1,500 டொலர் அளவில் இருந்தது. கெய்சர் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் மாணவன் ஒருவனின் பெரியப்பா, துணியின் விலையைவிடப் பெட்டியின் விலை கூடிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கத்தான் முடிந்தது.

அடுத்த தொற்று வந்தால் நிலைமை வேறாக இருக்குமா?

ஓரளவுக்கு. 2025 மே 20-இல் உலக சுகாதார அமைப்பின் நாடுகள் பெருந்தொற்று உடன்பாடு ஒன்றை ஏற்றன. மருந்துக் கம்பனிகள் உற்பத்தியில் 20 வீதத்தை அமைப்புக்கு ஒதுக்க வேண்டும், அதில் பாதியாவது இனாமாக, என்பது அதன் யோசனை. அதற்கான பின்னிணைப்பைப் பிறகு பேசுவோம் என்று தள்ளிவைத்தார்கள், அமெரிக்காவும் வெளியே. எங்கள் பக்கம், 2024 முடிவில் கையிருப்பு 6 பில்லியன் டொலர் அளவுக்கு வந்தது. 2025 பெப்ரவரியில் ஐந்து வருடத்துக்குப் பிறகு கார் இறக்குமதியும் திறந்தது. தனியார் கடன்காரருக்கும் நாடுகளுக்குமான பெரிய தவணைகள் 2028-க்குப் பிறகுதான் முழு வேகத்தில் வரும். அதற்கு முன் இன்னொரு தொற்று வராமல் இருந்தால் நல்லது. அம்மா ஊசிக் கார்டை இன்னும் எறியவில்லை.

சேர், இது பரீட்சைக்கு வருமா?

சென்மதி நிலுவை, அதாவது வெளிநாட்டோடு நடக்கும் வரவு செலவுக் கணக்கு, என்ற பகுதியில் வரும். சுற்றுலா வருமானம் எங்கே என்று கேட்டால் நடைமுறைக் கணக்கில், சேவைகளின் கீழ். வெளிநாட்டில் உழைப்பவர் வங்கிக்கு அனுப்பும் பணமும் நடைமுறைக் கணக்கில்தான். உண்டியலில் வந்தது எதில் என்று கேட்கமாட்டார்கள்.